ஜாஸ் ஆல்பம் வாங்கப் போகிறீர்களா? பக்கவாத்தியம் யார் என்று முதலில் பாருங்கள்

கச்சேரி போஸ்டரில் பாடகர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். விவரம் தெரிந்த ரசிகர்கள் அதற்குக் கீழே வயலின் யார், மிருதங்கம் யார் என்று பார்த்துவிட்டுத்தான் சபாவுக்குக் கிளம்புவார்கள். ஜாஸ் ஆல்பம் தேர்ந்தெடுக்கவும் இதுதான் வழி. 1950களிலும் 60களிலும் வந்த ஜாஸ் ஆல்பங்களில் பெரும்பாலானவை ஓரிரு நாளில், சில சமயம் ஒரே பகலில், கூடி உட்கார்ந்து வாசித்து முடித்தவை. அட்டையில் யார் பெயர் இருந்தாலும், அன்று கூட உட்கார்ந்தவர்கள் சரியாக அமையாவிட்டால் ஆல்பம் தேறாது.

‘கேட்டே ஆக வேண்டிய நூறு ஜாஸ் ஆல்பங்கள்’ மாதிரியான பட்டியல்கள் புதிதாகக் கேட்பவர்களைக் குழப்புவதற்குக் காரணமும் இதுவே. நூறு நட்சத்திரங்களை அள்ளி வைப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று சொல்ல மாட்டார்கள். இங்கே பரிந்துரைப்பவை குறைவு. ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் பெரும்பாலும் இன்னொன்றில் நடுவில் உட்கார்ந்திருப்பார்.

முதலில் ஒரு எச்சரிக்கை. போன் ஸ்பீக்கரில் ஜாஸ் கேட்காதீர்கள். டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்திவாத்தியத்தின் (சுருக்கமாகப் பாஸ்) அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. போனில் இருக்கும் ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. பாஸ் போய்விட்டால் மொத்தக் கட்டுமானமும் போய்விடும். டிரம்பெட் மட்டும் காற்றில் தொங்கும். ‘ஜாஸ் என்றால் ஏதோ இலக்கில்லாமல் அலைகிறது’ என்று சொல்பவர்களில் பலர் பாஸைக் கேட்காதவர்கள். சாதாரண ஒயர் இயர்போன் போதும். ஈக்வலைசரில் பாஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பாஸைக் கூட்டுகிறேன் என்று குழைத்துவிடும், விரல் தந்தியை விடும் சத்தம் தனியாகத் தெரியாது. ஷஃபிளும் கிராஸ்ஃபேடும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) கண்டிப்பாகக் கூடாது.

டிரம்பெட்

எல்லோரும் சொல்லும் ஆல்பத்தையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. மைல்ஸ் தவிர ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி (சாக்ஸபோன்), பில் எவன்ஸ் (பியானோ), பால் சேம்பர்ஸ் (பாஸ்), ஜிம்மி காப் (டிரம்ஸ்). ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் பியானோ விண்டன் கெல்லி. இவர்களில் பலர் தனித்தனியாக ஒரு பரம்பரையையே கிளப்பியவர்கள். அதனால்தான் தொடங்க இது நல்ல இடம்.

நம் காதுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் உருப்படியான ‘சோ வாட்’ 32 பார் கொண்ட சுற்று (ஒரு பார் என்பது இங்கே நாலு அடி). முதல் 16 பார் ‘டி’யை ஆதாரமாகக் கொண்ட டோரியன், அடுத்த 8 பார் அரை ஸ்வரம் ஏறி ‘ஈ ஃப்ளாட்’ டோரியன், கடைசி 8 பார் பழையபடி ‘டி’. டோரியன் ஸ்வரங்கள் அப்படியே கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். ஆக நம் கணக்கில் 2 கட்டையில் 16 பார், இரண்டரைக் கட்டையில் 8 பார், திரும்ப 2 கட்டையில் 8 பார். அவ்வளவுதான் சட்டகம். கரகரப்பிரியா ராகத்தை இதில் தேடக் கூடாது. கமகம் இல்லை, காந்தாரத்தை அசைக்க மாட்டார்கள், ஸ்வரங்கள் அப்பட்டமாக நிற்கும். சுருதியே இடம் மாறுகிற அந்த 17ஆவது பாரை ஒவ்வொருவரும் எப்படிக் கடக்கிறார் என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். மைல்ஸ் முன்கூட்டியே மூச்சு விட்டு இடம் கொடுத்துக் காத்திருப்பார். கோல்ட்ரேன் அந்த எல்லையைக் கண்டுகொள்ளாதவர்போல ஸ்வரங்களைக் கொட்டிக்கொண்டே தாண்டுவார். தொடக்கத்தில் பியானோவும் பாஸும் அரை நிமிடம் தாளமில்லாமல் தடவிவிட்டு வரும்; பிறகு பாஸ் கேள்வி கேட்க, ஊதுவாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும். அந்தக் கேள்வி பதிலிலேயே ஏற்றமும் இறக்கமும் முழுதாக ஒரு சுற்று வந்துவிடும். அதை நாலைந்து முறை கேட்டு எண்ணிப் பழகிவிட்டால் மீதி ஏழெட்டு நிமிடமும் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்து போகாது.

இந்த ஆல்பத்தை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சுருதிக் கோளாறு ஒன்று இருக்கிறது. மார்ச் 2 அன்று ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். ஆகவே அன்று பதிவான ‘சோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் கிரீன்’ மூன்றும், அதாவது எல்பியின் முதல் பக்கம் முழுவதும், பல ஆண்டுகள் சுருதி தூக்கலாகவே விற்றது. ஏப்ரலில் பதிவான ‘ஆல் ப்ளூஸ்’, ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்ச்சஸ்’ இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. அன்று கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை வைத்து 1992இல் இதைத் திருத்தினார்கள். 1997 சிடியிலிருந்து திருத்திய பதிப்பே பொது வழக்கம். உங்களிடம் இருப்பது எது என்று அறிய எளிய சோதனை: சுருதிப் பெட்டி ஆப்பில் 440 அளவில் 2 கட்டை வைத்து, ‘சோ வாட்’டில் பாஸ் கேள்வி கேட்கும் இடத்தை ஓட்டுங்கள். ஒட்டினால் திருத்திய பதிப்பு. சுருதி கீழேயும் ரிக்கார்டு சற்று மேலேயும் நின்று உறுத்தினால் பழையது. பழைய எல்பியையோ மலிவான மறுபதிப்பையோ வாங்கும்போது இதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், கூட வாசித்துப் பழக நினைப்பவர்கள் முக்கியமாக.

இதற்கு அடுத்து மைல்ஸின் இன்னொரு ஆல்பம் என்று போகாமல், மைல்ஸ் பக்கவாத்தியமாக உட்கார்ந்த ஆல்பத்துக்குப் போகலாம். கேனன்பால் ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’, 1958 மார்ச்சில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவானது. டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. இதில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ கேளுங்கள். டிரம்பெட்டின் வாயில் ஹார்மன் மியூட் என்ற உலோக அடைப்பானைச் செருகி, அதன் நடுக்குழாயைக் கழற்றிவிட்டு, மைக்கை ஒட்டி ஊதுவது மைல்ஸின் முத்திரை. சத்தம் சிறுத்து, ஓரத்தில் ஒரு கீச்சலோடு காதுக்குள் வந்து பேசுவதுபோல இருக்கும். அவர் முடித்ததும் ஆடர்லி வாய் நிறையச் சிரிப்பதுபோல ஆல்ட்டோ சாக்ஸபோனில் நுழைவார். சிக்கனமும் தாராளமும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து.

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1925 முதல் 1928 வரையிலான ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுப் பதிவுகளை விட்டுவிட்டு டிரம்பெட் பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஆனால் புதியவர் அதில் தொடங்க வேண்டாம். 78 சுழற்சி ரிக்கார்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடச் சொச்சம், இரைச்சல் இருக்கும். 1928 ஜூனில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். யாருடைய துணையும் இல்லாமல் டிரம்பெட் தனியாக ஏறி இறங்கும் அந்தத் தொடக்கம் கால் நிமிடம்கூட இல்லை. ஜாஸில் தனிவாசிப்பு என்ற எண்ணத்துக்கே அது அடித்தளம் போட்டது. கடைசிச் சுற்றில் ஒரே உச்ச ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நாலு பார் பிடித்து நிற்பார். வாங்கும்போது இரைச்சலை முழுக்கத் துடைத்துவிட்டோம் என்று விளம்பரம் செய்யும் பதிப்பைத் தவிருங்கள். இரைச்சலோடு சேர்த்து டிரம்பெட்டின் மேல் நாதத்தையும் துடைத்திருப்பார்கள். ஊதுவது போர்வைக்குள்ளிருந்து வரும்.

வேகமும் சுத்தமும் வேண்டும் என்றால் கிளிஃபர்ட் பிரவுன். டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து 1955இல் வெளியிட்ட ‘ஸ்டடி இன் பிரவுன்’ ஆல்பத்தின் முதல் உருப்படி ‘செரோக்கி’. அந்த ஓட்டத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி மணியாக விழும். 1956 ஜூனில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 25 வயது. விருந்தினர் வந்திருக்கும்போது போட ஒன்று வேண்டுமா, லீ மார்கனின் ‘தி சைட்வைண்டர்’. 1963 டிசம்பரில் பதிவானது. தலைப்புப் பாட்டு வழக்கமான 12 பாருக்குப் பதில் 24 பார் கொண்ட ப்ளூஸ். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினாலும் பாப் கிரான்ஷாவின் பாஸ் பிடித்துக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சலிக்காது. அது ஹிட்டான பிறகு அதே வாய்ப்பாட்டில் ஒரு பாட்டை முதலில் வைத்து ப்ளூ நோட் பல ஆல்பங்கள் போட்டது. மூலம் இருக்க நகல் எதற்கு?

பியானோ

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் பியானோ வாசித்த பில் எவன்ஸிடமிருந்தே தொடருவோம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் அவருடைய டிரியோ (மூவர் குழு) மதியம் இரண்டு, மாலையில் மூன்று என ஐந்து செட் வாசித்தது. பாஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன். ஜூலை 6 அன்று லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அந்த ஒரு நாள் பதிவிலிருந்து வந்தவைதான் ‘சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ என்ற இரண்டு ஆல்பங்களும்.

இவற்றின் சிறப்பு பாஸின் நடத்தையில் இருக்கிறது. அதுவரை டிரியோவில் பாஸ் என்றால் பாருக்கு நாலு அடி நடந்து தாளத்தையும் ஆதாரத்தையும் காப்பது. லஃபாரோ அந்த நடையை விட்டுவிட்டுப் பியானோவோடு பேசுகிறார்; குறுக்கிடுகிறார், மறுத்துப் பேசுகிறார், சில இடங்களில் பியானோவைவிட மேல் ஸ்தாயியில் பாடுகிறார். தாளத்தை மூன்று பேரும் மனசுக்குள் எண்ணிக்கொள்கிறார்கள், யாரும் வெளியே போட்டுக் காட்டுவதில்லை. பழக்கமில்லாதவர்கள் தாளம் விட்டுப் போய்விட்டது என்று நினைக்கும் இடங்கள் இவைதான். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டில் தொடங்குங்கள். அவ்வளவு மெதுவான காலப்பிரமாணத்தில் மோஷனின் பிரஷ், சிம்பலை உரசுவதையும் மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் மோதுவதையும் சேர்த்தே கேட்கலாம். பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் மீது சிலருக்குக் கோபம் வரும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அறையின் அளவே தெரியாது என்பது என் கட்சி.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’. பாஸ் கற்பவர்கள் மற்றதை எடுக்கலாம். லஃபாரோவின் நினைவாகத் தொகுத்தது, அவர் எழுதிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’, ‘ஜேட் விஷன்ஸ்’ இரண்டும் அதில் உண்டு. சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் ஒரு தொல்லை: ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ மூல ஆல்பத்தில் ஆறே உருப்படி. மறுபதிப்புகளில் அதே பாட்டின் வேறு டேக்குகளை (அதையே இன்னொரு முறை வாசித்த பதிவுகளை) அடுத்தடுத்துச் செருகியிருப்பார்கள். ஒரே பாட்டை இரண்டு முறை வரிசையாகக் கேட்டால் ஆல்பத்தின் ஓட்டம் கெட்டுவிடும். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’, ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’, ‘டீட்டூர் அஹெட்’, ‘மை ரொமான்ஸ்’, ‘சம் அதர் டைம்’, ‘மைல்ஸ்டோன்ஸ்’ என்ற வரிசையில் தனிப் பட்டியல் போட்டுக் கேளுங்கள். டேக் ஒப்பீடெல்லாம் ஆல்பம் மனப்பாடம் ஆன பிறகு.

கீத் ஜாரெட்டின் ‘தி கோல்ன் கான்சர்ட்’ ஜாஸ் கேட்காதவர்கள் வீட்டிலும் இருக்கும் ஆல்பம். 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஆப்பரா அரங்கம், இரவு பதினொன்றரை மணி. கேட்ட பெரிய பியானோவுக்குப் பதில் ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னப் பியானோ மேடைக்கு வந்துவிட்டது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ் ஸ்தாயியில் கனமில்லை, பெடலும் சரியில்லை. அதனால் அவர் நடு ஸ்தாயியிலேயே தங்கி, இடக்கையால் ஒரே உருட்டலைத் திரும்பத் திரும்ப வாசித்து, கனமில்லாத குறையை மறைத்தார். ஆல்பத்துக்கு இவ்வளவு பேர் மயங்குவதற்குக் காரணமே அந்த உருட்டல்தான் என்பது வேடிக்கை. பக்கவாத்தியமே இல்லாத கச்சேரியில் கோளாறான பியானோ அந்த வேலையைச் செய்துவிட்டது. வாசித்துக்கொண்டே அவர் முனகுவதும் கத்துவதும் கேட்கும், அது பதிவின் பழுது அல்ல. 26 நிமிடம் ஓடும் முதல் பகுதி போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் பகுதியில் ஒரே இடத்தில் சுற்றும் நிமிடங்கள் உண்டு. கடைசியாக வரும் ஏழு நிமிடத் துண்டு மட்டும் விதிவிலக்கு.

தெலோனியஸ் மங்க்கை முதலில் கேட்பவர்கள் தப்பு ஸ்வரம் தட்டுகிறார் என்பார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை வேண்டுமென்றே சேர்த்து அழுத்துவது அவர் வழி. ‘பிரில்லியண்ட் கார்னர்ஸ்’ (1957) தலைப்புப் பாட்டு வாசிக்க எவ்வளவு கஷ்டம் என்றால், சோனி ராலின்ஸ், மேக்ஸ் ரோச் போன்றவர்கள் கூட இருந்தும் 25 முறை முயன்று ஒரு டேக்கைக்கூட முழுதாக முடிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் டேப்பை வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டார். மெதுவாக ஒரு சுற்று, உடனே இரட்டிப்பு வேகத்தில் ஒரு சுற்று என்று மாறிக்கொண்டே போகும் உருப்படி அது.

இலகுவாக வேண்டும் என்பவர்களுக்கு ஆஸ்கர் பீட்டர்சனின் ‘நைட் டிரெய்ன்’ (1963). பாஸ் ரே பிரவுன். பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த பகுதியில் வருவார். அகமத் ஜமாலின் ‘அட் தி பெர்ஷிங்’ 1958 ஜனவரியில் சிகாகோ ஓட்டல் ஒன்றின் லவுஞ்சில் பதிவானது. அதில் ‘பொயின்சியானா’ எட்டு நிமிடம், வெர்னல் ஃபோர்னியே போடும் தாளக்கட்டு ஒன்றே காசுக்குப் போதும்.

நம் காலத்து ஆள் ஒருவர் வேண்டும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரின் ‘ஹிஸ்டாரிசிட்டி’ (2009) டிரியோ ஆல்பம். ஈழத்தமிழ் வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் ‘கலாங்’ பாட்டைப் பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து மூன்று நிமிடத்துக்குள் அடித்துத் துவைத்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் மார்கஸ் கில்மோர், ராய் ஹெய்ன்ஸின் பேரன். தாத்தாவும் அடுத்த பகுதியில் வருகிறார். பின்னணி இசையாக ஓட்ட இந்த ஆல்பம் ஆகாது. கணக்கு தெரிந்தவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியது. கிட்டார் பிரசன்னா, தபலா நிதின் மிட்டாவுடன் அவர் செய்த ‘தீர்த்தா’ (2011) அதைவிட மிருதுவானது, பாஸும் டிரம்ஸும் இல்லாதது.

குரல்

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாடிய ‘எல்லா அண்ட் லூயி’ 1956 ஆகஸ்ட் 16, ஒரே நாள் பதிவு. கூட வாசித்தவர்கள் ஆஸ்கர் பீட்டர்சன், ரே பிரவுன், கிட்டாரில் ஹெர்ப் எல்லிஸ், டிரம்ஸில் படி ரிச். பட்டை தீட்டிய குரல் ஒன்று, சரளைக்கல் குரல் ஒன்று. வெடித்து வாசிப்பதற்குப் பேர் போன படி ரிச் இதில் இருப்பதே தெரியாமல் அடங்கி வாசித்திருக்கிறார். ‘மூன்லைட் இன் வெர்மாண்ட்’, ‘சீக் டு சீக்’ இரண்டும் போதும், மீதியை நீங்களே கேட்பீர்கள். இதன் பதிவு மோனோ. ஸ்டீரியோ என்று எழுதி விற்றால் செயற்கையாகப் பிரித்தது, வேண்டாம்.

எல்லாவின் முழு வீச்சு தெரிய வேண்டுமானால் ‘எல்லா இன் பெர்லின்’ (1960). ‘மேக் தி நைஃப்’ பாடும்போது நடுவில் வரிகள் மறந்துவிடுகின்றன. நிறுத்தாமல், மறந்துவிட்டேன் என்பதையே மெட்டில் வைத்துப் பாடி முடிக்கிறார். ‘ஹவ் ஹை தி மூன்’ பாட்டில் வார்த்தையில்லாமல் ஸ்கேட் பாடும் ஏழு நிமிடம் கற்பனாஸ்வரத்தில் ஊறிய காதுகளுக்கு உடனே பிடிபடும். போகிற போக்கில் வேறு பாட்டுகளின் துண்டுகளைச் செருகிக்கொண்டே போவார்.

சாரா வான் பெயரிலேயே வந்த ஆல்பம் ஒன்று, 1954 டிசம்பரில் பதிவானது, பின்னாளில் ‘வித் கிளிஃபர்ட் பிரவுன்’ என்று சேர்த்து விற்கிறார்கள். மேலே சொன்ன அதே கிளிஃபர்ட் பிரவுன் பாடகிக்குப் பின்னால் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார் என்று கவனியுங்கள். வேகக்காரர் இங்கே வேகத்தைக் காட்டவே இல்லை. டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ். முதல் பாட்டு ‘லலபை ஆஃப் பேர்ட்லேண்ட்’.

ஆண் குரலில் ஒன்றே ஒன்று: ‘ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மேன்’ (1963). ஆறு பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாட்டில் கோல்ட்ரேன் முழு மெட்டையும் ஒரு முறை வாசித்து முடித்த பிறகே, அதாவது இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்தே, ஹார்ட்மேன் வாய் திறக்கிறார். ‘சோ வாட்’டில் கொட்டித் தீர்த்த மனிதர் இங்கே மெட்டை விட்டு ஒரு அடி நகர மறுக்கிறார்.

பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ (1958) பலரும் பரிந்துரைப்பது. குரல் சிதைந்துபோன காலத்தில், ரே எல்லிஸின் வயலின் கூட்டத்துக்கு முன்னால் பாடியது. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். அவரை முதன்முதலாக இதில் கேட்பது அநியாயம். 1930களில் டெடி வில்சன், லெஸ்டர் யங் கூட்டணியில் பாடியவற்றைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள், என்ன போயிற்று, என்ன மிஞ்சியது என்று அப்போது புரியும்.

ஃப்யூஷன்

ஜாஸோடு ராக் போன்ற வேறு இசைகளைக் கலப்பதுதான் ஃப்யூஷன். பக்கவாத்தியப் பெயரைப் படிக்க வேண்டும் என்ற விதி இங்கேதான் பெரிய பலன் தரும். மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலண்ட் வே’ 1969 பிப்ரவரி 18 அன்று பதிவானது. அன்று அறையில் இருந்தவர்கள் ஜோ ஜாவினுல், வெய்ன் ஷார்ட்டர், ஹெர்பி ஹேன்காக், சிக் கொரியா, டோனி வில்லியம்ஸ், டேவ் ஹாலண்ட், இங்கிலாந்திலிருந்து வந்து சில நாட்களே ஆகியிருந்த ஜான் மெக்லாக்லின். ஜாவினுலும் ஷார்ட்டரும் பிறகு வெதர் ரிப்போர்ட் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஹேன்காக் ஹெட்ஹண்டர்ஸ், கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர், வில்லியம்ஸ் லைஃப்டைம், மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. எழுபதுகளின் ஃப்யூஷன் முழுவதும் அந்த ஓர் அறையில் உட்கார்ந்திருந்தது.

‘பிட்ச்சஸ் ப்ரூ’ (1970) இதைவிடப் புகழ் பெற்றது, ஆனால் ஒன்றரை மணி நேர அடர்த்தி. இதுவோ 38 நிமிடம். வில்லியம்ஸ் போன்ற டிரம்மரைப் பெரும்பாலும் ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) மட்டும் வாசிக்கச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரே பதற்றம், வெடிப்பதே இல்லை. தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை வெட்டி, இரண்டு பக்கத்திலும் தொடக்கப் பகுதியை எடுத்துக் கடைசியில் அப்படியே திரும்ப ஒட்டியிருக்கிறார். பல்லவிக்குத் திரும்புவதுபோலக் காதில் விழுவது திரும்ப வாசித்ததல்ல, அதே டேப்.

ஹேன்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ (1973) நாலே பாட்டு. ‘கமீலியன்’ தொடக்கத்தில் வரும் பாஸ், பாஸ் கிட்டாரே அல்ல; ஹேன்காக் ஆர்ப் ஒடிசி சின்தசைசரில் வாசிப்பது. மேலே கிட்டார் என்று நினைக்கத் தோன்றுவது பாஸ் கிட்டார்க்காரர் பால் ஜாக்சன் மேல் தந்திகளில் வாசிப்பது. இந்த ஆல்பத்தில் கிட்டாரே கிடையாது. ‘வாட்டர்மெலன் மேன்’ தொடக்கத்தில் பில் சம்மர்ஸ் பியர் பாட்டிலை ஊதுகிறார். கார் ஸ்டீரியோவில் கேட்க இதைவிடப் பொருத்தமான ஜாஸ் இல்லை. வெதர் ரிப்போர்ட்டின் ‘ஹெவி வெதர்’ (1977) ஜாக்கோ பஸ்டோரியஸின் ஃபிரெட் (வீணையின் மெட்டு மாதிரி) இல்லாத பாஸுக்காக. ‘பேர்ட்லேண்ட்’ எல்லோரும் கேட்டது. அவரே டிரம்ஸும் வாசிக்கும் ‘டீன் டவுன்’ கேளுங்கள். மற்றபடி சின்தசைசர் ஒலிகள் இன்று கொஞ்சம் பழசு தட்டுகின்றன.

மெக்லாக்லின் வழி தனி. மகாவிஷ்ணுவின் ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’ (1971) சத்தமான ஆல்பம், காதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ ஒன்பது எண்ணிக்கை. சங்கீர்ண நடை பழகியவர்கள் பில்லி காபம் டிரம்ஸில் ஒன்பதை எங்கே வெட்டுகிறார் என்று கை போட்டுப் பார்க்கலாம். இந்தக் காலத்தையொட்டி மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அதன் விளைவுதான் ஷக்தி குழு.

முதல் ஆல்பம் ‘ஷக்தி வித் ஜான் மெக்லாக்லின்’, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிந்து 1976இல் வெளியானது. வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன். தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன். பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை. ஷக்திக்காக கிப்ஸன் நிறுவனத்தில் ஏப் வெக்டர் செய்து தந்த அகூஸ்டிக் கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்திருப்பார்கள். விரல் மரத்தில் உரசாமல் தந்தியை இழுக்கலாம், கமகத்துக்கு நெருங்கி வரலாம். ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு சுருதித் தந்திகள் வேறு.

மூன்றே உருப்படிதான். ‘ஜாய்’ 18 நிமிடம், கடைசிக் கொத்தில் கிட்டாரும் வயலினும் ஒரே மூச்சில் ஓடும். எடுத்ததும் அதில் விழுந்தால் திணறும். நாலே முக்கால் நிமிட ‘லோட்டஸ் ஃபீட்’டில் தொடங்கி, பிறகு ‘ஜாய்’. இரண்டாம் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும் 29 நிமிட உருப்படியைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கடத்தின் அடி, வாய், கழுத்து மூன்றும் தரும் நாத வித்தியாசம் இயர்போனில்தான் பிரியும், ஸ்பீக்கரில் தபலாவோடு கலந்துவிடுகிறது.

2024இல் கிராமி வாங்கிய ‘திஸ் மொமென்ட்’ (2023) ஆல்பத்தில் மெக்லாக்லின், ஜாகிர் உசேன் இருவரோடு சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். தயாரிப்பு பளபளப்பு, வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லூரி அரங்கில் ஐந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்த நெருக்கம் இதில் குறைவு, கிட்டாரின் சின்தசைசர் ஒலியும் சில இடங்களில் குரலோடு முட்டுகிறது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 1975 பதிவை வாங்குங்கள்.